ஸ்கின் விலை: தளம் காட்டுவதும் கைக்கு வருவதும்

கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற கணினித் துப்பாக்கி விளையாட்டை விளையாடுகிற ஒருவர் தன்னிடமுள்ள ஏகே-47 ரெட்லைன் என்ற ஸ்கின்னை, அதாவது துப்பாக்கிக்கான மேற்பூச்சை, விற்கலாம் என்று விலை ஒப்பிடும் தளம் ஒன்றைத் திறந்தால், ஒரே துப்பாக்கிக்குப் பல விலைகள் வரிசையாக வந்து நிற்கும். விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் சந்தையில் ஒரு விலை, சீனாவின் பஃப்163இல் ஒரு விலை, ஜெர்மனியில் இயங்கும் ஸ்கின்போர்ட்டில் ஒரு விலை, சிஎஸ்ஃப்ளோட்டில் ஒன்று, டிமார்க்கெட்டில் ஒன்று. கூடிய விலைக்கும் குறைந்த விலைக்கும் இடையில் கால்வாசி, சில வேளை மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் இருப்பது சர்வசாதாரணம்.

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் கணினி விளையாட்டில் இறங்கியிருக்கும் இளைஞர்களுக்கு இந்தத் தளங்கள் நன்றாகப் பழகிவிட்டன. வட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஸ்கின் கைமாறும்போது இரு தரப்பும் இவற்றின் ஸ்கிரீன்ஷொட்டைத்தான் ஆதாரமாக நீட்டுகிறார்கள். "ஸ்டீம்ல பதினொண்ணரை டொலர் போகுது மச்சான், நீ ஏழுன்னு கேக்குறியே?" என்பார் விற்பவர். வாங்குபவர் வேறொரு வரியைக் காட்டி, "இங்க ஏழரைக்குக் கீழதான இருக்கு" என்பார். இருவரும் சொல்வது உண்மைதான். ஆனால் இருவரும் பேசுவது இரண்டு வகையான விலைகளைப் பற்றி. தளம் அவற்றையெல்லாம் ஒரே எழுத்தில், ஒரே டொலர் குறியோடு, ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிவிடுவதால் அந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை. அந்தக் குழப்பத்தின் நட்டம் நம் பக்கத்தில் போய்ச் சேர்வது ஒவ்வொரு டொலரையும் எண்ணிச் செலவழிக்கிற வீடுகளில். அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

வோலட் டொலரும் கைக்காசும்

வால்வ் நிறுவனம் ஸ்டீம் சமூகச் சந்தையைத் திறந்தது 2012 டிசம்பரில். அடுத்த வருடம், 2013 ஆகஸ்ட்டில், ஆர்ம்ஸ் டீல் என்ற அப்டேட்டோடு கவுண்டர்-ஸ்ட்ரைக்குக்குள் ஸ்கின்களும் அவற்றைக் கொண்ட கேஸ்களும் (என்ன ஸ்கின் வரும் என்று தெரியாமல் திறக்கும் பெட்டிகள்) வந்தன. ஸ்கின் என்பது துப்பாக்கியின் மேற்பூச்சு மட்டும்தான். குறி தப்பாமல் சுட அது உதவாது, தோட்டாவின் வேகத்தைக் கூட்டாது. ஆனாலும் விற்கலாம், வாங்கலாம், மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதி வந்ததும் அதைச் சுற்றி ஒரு பெரிய சந்தை எழுந்துவிட்டது.

இந்தச் சந்தையில் எல்லா விலைக் குழப்பத்துக்கும் மூல காரணம் ஒன்று இருக்கிறது. ஸ்டீமில் பொருளை விற்றால் பணம் ஸ்டீம் வோலட்டுக்குள் விழும். அதை வைத்து கேம் வாங்கலாம், இன்னொரு ஸ்கின் வாங்கலாம். வங்கிக்கு மட்டும் எடுக்க முடியாது. உள்ளே போக வழி உண்டு, வெளியே வர வழி இல்லை. வெளியே எடுக்க முடியாத ஒரு டொலரும் சட்டைப் பையில் இருக்கிற ஒரு டொலரும் சமமாக முடியாது அல்லவா? அதனால் ஸ்டீமில் 11.50 டொலருக்குப் போகிற பொருள், உண்மையான பணம் தரும் வெளிச் சந்தைகளில் 8 டொலருக்கு நிற்கும். பொருள் அங்கே மலிந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ஸ்டீம் டொலரின் பெறுமதி அவ்வளவுதான். விலை ஒப்பிடும் தளங்களில் ஸ்டீம் விலைக்கும் வெளி விலைக்கும் உள்ள விகிதத்தை ஒரு சதவீதமாகப் போட்டிருப்பார்கள். அதைத் தள்ளுபடி என்று பலர் வாசிக்கிறார்கள். வோலட் டொலரைக் கைக்காசாக மாற்றும் நாணய மாற்று வீதம் என்று வாசிப்பதே சரி.

இந்த இடைவெளி ஏன் மூடிக்கொள்வதில்லை என்ற கேள்வி நியாயமானது. மலிவான இடத்தில் வாங்கி விலை கூடிய இடத்தில் விற்பவர்கள் எந்தச் சந்தையிலும் உண்டு, இங்கேயும் உண்டு. வெளியே காசு கொடுத்து ஸ்கின் வாங்கி, அதை ஸ்டீமில் விற்று, வோலட்டை நிரப்பி, கேம் வாங்குகிறவர்கள் அவர்கள். ஆனால் 2018 மார்ச்சில் வால்வ் ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது: ட்ரேட் (ஒருவரோடு ஒருவர் பொருள் மாற்றிக்கொள்வது) மூலம் கைக்கு வந்த கவுண்டர்-ஸ்ட்ரைக் பொருளை ஏழு நாட்களுக்கு மறுபடி ட்ரேட் செய்ய முடியாது. வாங்கியவுடன் விற்றுவிட்டுப் போகிற வேலை அதோடு நின்றது. ஏழு நாளுக்குள் விலை எந்தப் பக்கமும் போகலாம். அந்த ஆபத்தைச் சுமப்பதற்கான கூலி, இடைவெளியில் ஒரு பங்காக நிரந்தரமாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

பின்னாளில் கிரேக்கத்தின் நிதியமைச்சரான யானிஸ் வரூபாகிஸ் 2012இல் வால்வில் பொருளியலாளராகச் சேர்ந்தவர். அங்கே அவர் எழுதிய ஆரம்பக் கட்டுரைகளில் ஒன்று, டீம் ஃபோர்ட்ரஸ் 2 விளையாட்டின் பண்டமாற்றில் ஒரே பொருளின் மாற்று விகிதம் ஆளுக்கு ஆள் வேறுபட்டு நிற்பதைப் பற்றியது. ஒரு நாட்டின் பொருளாதாரத்தைப் படித்த மனிதருக்கு அந்த விளையாட்டில் கைமாறும் தொப்பிகளின் விலை ஆய்வுக்குரிய விஷயமாகப் பட்டிருக்கிறது. நம் வீடுகளில் இதை "கேம்தானே" என்று தள்ளிவிடுகிற பெரியவர்கள் இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரே பெயர், வேறு பொருள்

தளங்கள் பல சந்தைகளின் விலைகளை ஒன்றாகச் சேர்ப்பது பொருளின் பெயரை வைத்து. ரெட்லைன் என்றால் துப்பாக்கியின் பெயர், பூச்சின் பெயர், தேய்மானத் தரம் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரு சொற்றொடர் எல்லாச் சந்தையிலும் ஒரே மாதிரி இருக்கும். கருவி அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சந்தையிலும் தேடி, வருகிற விலைகளை ஒரே வரியில் கோர்க்கும். ஸ்டாட்ட்ராக் என்ற, எத்தனை பேரைச் சுட்டோம் என்று எண்ணிக் காட்டும் வகைக்கும் தனிப் பெயர் உண்டு. அதுவரைக்கும் பிசகில்லை.

சிக்கல் பெயருக்குள் அடங்காத விஷயங்களில் வருகிறது. ஒவ்வொரு ஸ்கின்னுக்கும், அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்டும், 0 முதல் 1 வரை ஒரு ஃப்ளோட் எண் உண்டு. 0.07க்குக் கீழே ஃபாக்டரி நியூ, அங்கிருந்து 0.15 வரை மினிமல் வேர், 0.38 வரை ஃபீல்ட்-டெஸ்டட், 0.45 வரை வெல்-வோர்ன், அதற்கு மேலே பேட்டில்-ஸ்கார்ட். ரெட்லைனுக்கு ஃபாக்டரி நியூ என்ற ஒன்றே கிடையாது. அதன் ஃப்ளோட் 0.10இல்தான் தொடங்குகிறது. சரி, இப்போது இரண்டு ஃபீல்ட்-டெஸ்டட் ரெட்லைன்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் ஃப்ளோட் 0.152, மற்றதன் ஃப்ளோட் 0.378. முதலாவது பார்வைக்கு மினிமல் வேர் போலவே இருக்கும். இரண்டாவதில் ஓரங்கள் தேய்ந்து உலோகம் தெரியும். தளத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே வரி, ஒரே விலை. அந்த விலை பெரும்பாலும் இரண்டாவதன் விலையாகத்தான் இருக்கும். ஏனென்றால் கருவி எடுத்துக் காட்டுவது அந்தப் பெயரில் நிற்கிற ஆகக் குறைந்த விலையை. ஆகக் குறைந்த விலைக்கு நிற்பது ஆகத் தேய்ந்த பொருள்.

டொப்ளர் என்ற பூச்சுள்ள கத்திகளில் இது இன்னும் மோசம். நான்கு பேஸ்கள் (நிற வகைகள்), அப்புறம் ரூபி, சஃபையர், பிளாக் பேர்ல் என்று அரிய வகைகள். ஸ்டீம் சந்தையில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். சாதாரண பேஸின் விலையைப் போல ரூபி பல மடங்கு போகும். பெயரை மட்டும் பார்க்கிற கருவி அதை உணராது. கேஸ் ஹார்டன்ட் பூச்சில் நீல நிறம் எவ்வளவு விழுந்திருக்கிறது என்பதை ஒரு பேட்டர்ன் எண் தீர்மானிக்கிறது. நீலம் நிறைந்தது கிடைத்தால் அதன் விலையைப் பட்டியல் விலையோடு ஒப்பிடவே கூடாது. 2014 காட்டோவிட்ஸ் போட்டியின் ஸ்டிக்கர் ஒட்டிய துப்பாக்கியும் அப்படித்தான். இதையெல்லாம் பார்க்காமல் பட்டியல் விலைக்கு ஒரு பொடியன் தன் கத்தியைக் கொடுத்துவிட்டால், அடுத்த பக்கத்தில் இருந்தவருக்கு அது அதிர்ஷ்டம். விலை பார்க்கும் முன் கேமுக்குள் போய் ஃப்ளோட்டையும் பேட்டர்னையும் குறித்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் எந்தத் தளத்தையும் நம்புவதில் பயனில்லை.

கேட்கிற விலை, விற்ற விலை, காத்திருக்கிற விலை

ஒரு சந்தையில் ஒரு பொருளுக்கு ஒரே நேரத்தில் மூன்று விலைகள் இருக்கும். விற்பவர்கள் கேட்கிற விலை ஒன்று. வாங்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே பணம் வைத்துக் காத்திருக்கிற விலை இரண்டாவது. அண்மையில் உண்மையாகக் கைமாறிய விலை மூன்றாவது. ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் விற்கிற ரெட்லைன் போன்ற பொருளில் இந்த மூன்றும் நெருங்கி நிற்கும், எதைப் பார்த்தாலும் பெரிய பிழை வராது. மாதத்துக்கு இரண்டு மூன்று விற்கிற பொருளில் கேட்கிற விலை என்பது விற்பவரின் ஆசை மட்டுமே. அதை யாரும் கொடுத்ததில்லை, கொடுக்கப்போவதும் இல்லை.

விற்பனை குறைந்த பொருட்களில் விலையைச் செயற்கையாக ஏற்றவும் முடியும். ஒரே ஆள் இரண்டு கணக்கு வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றதற்குக் கூடிய விலைக்கு விற்றால், விற்ற விலைச் சராசரி ஏறிவிடும். அதைப் பார்த்து நான்கு பேர் வாங்க வருவார்கள். இதனால்தான் நல்ல கருவிகள் சராசரியைக் கைவிட்டு, வரிசைப்படுத்தி நடுவில் நிற்கிற இடைநிலை விலையை எடுக்கின்றன. விலைக்குப் பக்கத்தில் எத்தனை விற்றது என்ற எண்ணையும் போடுகின்றன. விற்பனை எண்ணிக்கை இல்லாமல் விலை மட்டும் காட்டுகிற தளத்தை நான் இரண்டாம் தரமாகவே மதிக்கிறேன்.

இந்த வித்தியாசங்கள் மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு உண்மையில் புதிதல்ல. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்தைப் பற்றிய செய்தியில் "உயர்நிலத் தேயிலையின் சராசரி விலை இவ்வளவு" என்று வரும். அந்த விலைக்குத் தன் தேயிலை போனதாக எந்தத் தோட்டமும் சொல்லாது. ஒரே பி.ஓ.பி.எஃப். தரம்தான், ஆனாலும் தோட்டத்துக்குத் தோட்டம், கிழமைக்குக் கிழமை விலை வேறு. இன்னும் முக்கியமாக, தோட்டக் காரியாலயங்களில் ஜி.எஸ்.ஏ., என்.எஸ்.ஏ. என்று இரண்டு கணக்கு வைத்திருப்பார்கள். முதலாவது ஏலத்தில் விழுந்த மொத்த விலையின் சராசரி. இரண்டாவது தரகு முதலிய கழிவுகள் போன பிறகு நிற்கிற நிகரச் சராசரி. சிறு தோட்டக்காரருக்குப் பச்சைக் கொழுந்தின் விலை கணக்கிடப்படுவது அந்த நிகரத்தை வைத்துத்தான்: அதில் 68 பங்கு கொழுந்து கொடுத்தவருக்கு, 32 பங்கு தொழிற்சாலைக்கு. ஸ்கின் விலை ஒப்பிடும் தளங்கள் காட்டுவதெல்லாம் ஜி.எஸ்.ஏ. நமக்கு வேண்டியது என்.எஸ்.ஏ.

நிகரத்தைக் கணக்குப் பார்ப்போம்

இனி வருகிற விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை, கழிவு வீதங்கள் உண்மையானவை.

ஸ்டீமில் ஒரு ஸ்கின் 11.50 டொலருக்கு விற்கிறது. ஸ்டீமின் கழிவு 5 சதவீதம், கவுண்டர்-ஸ்ட்ரைக்குக்கான கழிவு 10 சதவீதம், மொத்தம் 15 என்று எல்லோருக்கும் தெரியும். 11.50இல் 15 சதவீதத்தைக் கழித்து 9.78 வரும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அது பிழை. அந்த 15 சதவீதம் விற்பவர் பெறும் தொகையின் மேல் ஏற்றப்படுகிறது. விற்பவருக்கு 10.00, அதன் மேல் 0.50, 1.00, ஆக வாங்குபவர் கொடுப்பது 11.50. எனவே வாங்குபவர் கொடுத்ததில் போவது 13 சதவீதம்தான். வோலட்டில் விழுவது 10 டொலர். ஒரு பொருளில் சில சதம்தான் வித்தியாசம். ஐம்பது பொருள் விற்கிறவருக்கு அது ஒரு கேமின் விலை.

அடுத்தது சிஎஸ்ஃப்ளோட். அங்கே விற்பனைக் கழிவு 2 சதவீதம். கேட்கிற விலை 8.20 என்றால், அந்த விலைக்கு விற்றுப்போனால் 8.04 நிற்கும். காத்திருக்கப் பொறுமை இல்லாமல், வாங்கத் தயாராக நிற்பவரின் 7.40க்கே கொடுத்தால் 7.25. இரண்டும் உண்மைப் பணம். ஆனால் அது இருப்பது வெளிநாட்டுத் தளத்தில் உள்ள ஒரு கணக்கில்.

மூன்றாவது, உள்ளூரில் தெரிந்த ஒருவர் 7 டொலர் பெறுமதிக்கு வாங்கி வங்கிக் கணக்குக்கு ரூபாவாகப் போடுகிறார். டொலர் ஏறத்தாழ 300 ரூபா என்று வைத்தால் 2,100 ரூபா, அன்றைக்கே கையில்.

இந்த மூன்றில் எது கூடிய விலை? கேம் வாங்க நினைப்பவருக்கு ஸ்டீமின் 10 டொலர். காசாகத் தேவைப்படுகிறவருக்கு அந்தப் 10 டொலரால் ஒரு பயனும் இல்லை. 8.04 டொலர் நல்ல விலை, ஆனால் அதைக் கொண்டுவரும் வழி இருந்தால் மட்டும். தளத்தின் பட்டியலில் ஆகக் கீழே இருந்திருக்கக்கூடிய 2,100 ரூபாதான் தலவாக்கலையில் உண்மையில் செலவழிக்கக்கூடிய விலை. பட்டியலில் அந்த வரியே இருக்காது.

இலங்கைக்குக் காசு வரும் வழி

விலை ஒப்பிடும் தளங்கள் பெரும்பாலும் ஐரோப்பா, வட அமெரிக்கா, சீனாவைச் சேர்ந்தவர்களை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. அங்கிருப்பவர் விற்ற பணத்தை வங்கிக்கு எடுப்பது ஒரு அழுத்தலில் முடிகிற காரியம். இங்கே அப்படியில்லை. பேபால் வழியாக வெளியே பணம் அனுப்பலாம், உள்ளே பெற முடியாது என்ற நிலைதான் இலங்கையில் நீண்ட காலமாக இருந்து வந்திருக்கிறது. பஃப்163க்குச் சீன அடையாளச் சரிபார்ப்பும் அலிபேயும் வேண்டும். விலைப் பட்டியலில் அது முன்வரிசையில் இருப்பதால் நம் பையன்கள் அதையே அளவுகோலாக வைத்துப் பேசுகிறார்கள். ஆனால் அங்கே போய் விற்க இவர்களால் முடியாது. எட்டாத சந்தையின் விலை தகவலாக மட்டும் உதவும்.

சில சந்தைகள் கிரிப்டோவாகப் பணம் தருகின்றன. மெய்நிகர் நாணயங்கள் இங்கே ஒழுங்குபடுத்தப்படாதவை என்று இலங்கை மத்திய வங்கி பல தடவை எச்சரித்திருக்கிறது. டெபிட், கிரெடிட் கார்டால் அவற்றை வாங்குவதற்கும் அனுமதி இல்லை. இந்த வழியில் இறங்கி, பெயர் தெரியாத ஒருவரிடம் ரூபாவுக்கு மாற்றி, பணமும் போய் முறையிட இடமும் இல்லாமல் நிற்பதைவிட, உள்ளூரில் பத்து சதவீதம் குறைவாக விற்பது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து.

நாணய மாற்று வீதமும் சேர்ந்துகொள்கிறது. ஸ்டீமில் இலங்கை ரூபா என்ற நாணயமே கிடையாது. நமக்கு எல்லாம் டொலரில்தான். 2022 மார்ச் வரை சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், அந்த மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. அந்த இரண்டு மாதத்தில் ஒரு ஸ்கின்னின் டொலர் விலை அசையாமல் இருந்திருந்தாலும் ரூபாவில் அது முக்கால் மடங்குக்கு மேல் ஏறியிருக்கும். விற்பவருக்கு லாபம்போலத் தெரிந்தது, கேம் வாங்கக் காத்திருந்தவருக்கு இடியாக விழுந்தது. ரூபாவில் விலை காட்டுகிற கருவிகள் எந்த நாளின் வீதத்தை எடுத்தன என்று சொல்லாவிட்டால், அப்படியான நாட்களில் அவற்றின் எண்ணுக்கு மதிப்பே இல்லை.

விலை ஒரே இரவில் புரண்ட கதை

2025 அக்டோபர் 22ஆம் திகதி வால்வ் ஒரு அப்டேட் விட்டது. அதுவரை கத்தியும் கையுறையும் கேஸைத் திறந்தால் மட்டும், அதுவும் அரிதாக, கிடைத்தவை. இனி கோவர்ட் என்ற சிவப்புத் தரத்தில் ஐந்து ஸ்கின்களைக் கொடுத்து ஒரு கத்தியாகவோ கையுறையாகவோ மாற்றிக்கொள்ளலாம் என்று விதி மாறியது. சில மணி நேரத்துக்குள் கத்திகளின் விலை சரிந்தது, சிவப்பு ஸ்கின்களின் விலை பல மடங்காக ஏறியது. ஒட்டுமொத்தச் சந்தையின் மதிப்பில் ஏறத்தாழ 200 கோடி டொலர் அழிந்ததாக அப்போது செய்திகள் வந்தன.

விலை தேடும் கருவிகளுக்கு அது பெரிய சோதனை. முப்பது நாள் சராசரி காட்டிய தளங்களில் கத்தி இன்னும் பழைய விலையிலேயே நின்றது. ஆகக் குறைந்த கேட்கும் விலையைக் காட்டியவை நிமிடத்துக்கு நிமிடம் குதித்தன. காத்திருக்கிற விலைதான் அந்த நேரத்தில் உண்மைக்குக் கிட்ட இருந்தது. ஆனால் வாங்குபவர்கள் தங்கள் வாங்கும் ஓர்டர்களை விலக்கிக்கொண்டதால் அதுவும் சீக்கிரமே வெறுமையாகிவிட்டது. நிலைமை அமைதியாக இருக்கும்போது சராசரி நல்ல வழிகாட்டி. விதி மாறின அன்று அதைப் பார்த்து முடிவெடுத்தால் வாங்குபவர் ஏமாறுவார்.

அதே வருடம் ஜூலையில் வந்த ட்ரேட் பாதுகாப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கைமாறிய பொருளை ஏழு நாட்களுக்குள் திரும்ப இழுத்துக்கொள்ள முடியும் என்ற ஏற்பாடு அது. கணக்கைத் திருடுகிறவர்களிடமிருந்து காப்பதற்கு உண்மையிலேயே நல்லது. ஆனால் விற்றவருக்குப் பணம் தரும் சந்தைகள் அந்த ஏழு நாள் முடியும்வரை பணத்தைப் பிடித்து வைக்கத் தொடங்கின. உள்ளூரில் காசுக்கு ஸ்கின் வாங்குகிறவருக்கும் இது புதிய ஆபத்து. காசு கொடுத்த மூன்றாம் நாள் பொருள் பழைய ஆளிடமே திரும்பிப் போகலாம். ஆகவே வட்ஸ்அப் குழுவில் "இப்ப காசு, இப்ப பொருள்" என்று பேசுகிற எவரும், முன்பின் தெரியாதவரிடம் பேசுவதாக இருந்தால், ஏழு நாள் கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டும்.

கேஸ் திறக்கும் முன்

விலை தேடும் கருவி உண்மையில் கூடுதலாக உதவக்கூடிய இடம் விற்பனை அல்ல, கேஸ் திறப்பது. ஒரு கேஸைத் திறக்கும் கீயின் விலை 2.49 டொலர். ரூபாவில் ஏறத்தாழ 750. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. ஆக, ஒரு கீ என்பது அந்தச் சம்பளக் கணக்கில் அரை நாளைக்கு மேல் கொழுந்து பறித்த கூலி. 2017இல் சீனச் சட்டத்தின்படி அங்கே விளையாட்டை நடத்தும் பெர்பெக்ட் வேர்ல்ட் நிறுவனம் கேஸின் வாய்ப்பு வீதங்களை வெளியிட்டது. நூற்றுக்கு ஏறத்தாழ 80 தடவை வருவது ஆகக் கீழான நீலத் தரம். கத்தி, கையுறை போன்ற அரிய பொருள் வருவது 0.26 சதவீதம். சராசரியாக 385 கேஸ் திறந்தால் ஒன்று. கீ விலை மட்டும் 950 டொலருக்கு மேல்.

அந்த நீலப் பொருளின் பெயரைக் கருவியில் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் கீயின் விலையில் சிறு துண்டுதான் வரும். கேஸுக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளின் விலையையும் அதன் வாய்ப்போடு பெருக்கிக் கூட்டினால் கிடைக்கும் தொகை பொதுவாகக் கீயின் விலையைவிடக் குறைவு. இந்தக் கணக்கைத் தம்பிக்கு ஒரு தடவை உட்கார்ந்து காட்டினால் அவன் புரிந்துகொள்வான். திட்டுவதால் நடக்காத விஷயம் அது. வேண்டிய ஸ்கின்னை நேரடியாகச் சந்தையில் வாங்குவது ஏறக்குறைய எப்போதும் மலிவு.

போனில் விளையாடுகிறவர்களுக்கு

மலையகத்தில் கூடப் பேர் விளையாடுவது கணினியில் அல்ல, போனில்: ஃப்ரீ ஃபயர், பப்ஜி மொபைல். அங்கே இப்படியான கருவிக்கே வேலையில்லை, ஏனென்றால் அந்த விளையாட்டுகளில் பொருளை இன்னொருவருக்கு விற்க வழி கிடையாது. ரீலோட் கடையில் காசு கொடுத்து ஏற்றுகிற டயமண்ட், யூசி என்ற விளையாட்டு நாணயங்களின் விலையைக் கடைக்குக் கடை விசாரிக்கலாம், அவ்வளவுதான். பொருளை விற்க முடியாததால் ஐ.டி.யையே, அதாவது விளையாட்டுக் கணக்கையே, விற்கிறார்கள். அதற்கு நிலையான விலை என்று ஒன்று இருக்க முடியாது. விளையாட்டு நிறுவனங்களின் விதியும் அதைத் தடுக்கிறது. விற்றவர் பழைய மின்னஞ்சலையோ பேஸ்புக் கணக்கையோ வைத்துக் கொஞ்ச நாளில் அதை மீட்டுக்கொண்டால் வாங்கியவருக்கு எதுவும் மிஞ்சாது. ஐ.டி.க்கு மதிப்புப் போடுவதாகச் சொல்லும் தளங்களின் எண்ணை விலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

லொகின் கேட்கும் தளம்

பல விலைத் தளங்கள், "உங்கள் இன்வென்டரியின் மொத்த மதிப்பைப் பாருங்கள்" என்று சொல்லி ஸ்டீம் லொகின் கேட்கின்றன. இன்வென்டரியை, அதாவது கையிலுள்ள பொருட்களின் பட்டியலை, எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்திருந்தால் ப்ரொஃபைல் இணைப்பு மட்டுமே இதற்குப் போதும், கடவுச்சொல் தேவையே இல்லை. போலித் தளங்கள் ஸ்டீமின் லொகின் ஜன்னலை அப்படியே வரைந்து வைத்திருக்கும். அதில் நுழைந்தால் திருடுவது கடவுச்சொல்லை மட்டுமல்ல, உங்கள் கணக்கின் பெயரில் ஒரு ஏபிஐ கீயையும் (வெளி நிரல்கள் உங்கள் கணக்கைக் கையாள உதவும் குறியீடு) உருவாக்கிக்கொள்ளப் பார்ப்பார்கள். அது கைகூடினாலும் உடனே எதுவும் நடக்காது. நாட்கள் போகும். ஒரு நாள் நீங்கள் நண்பருக்கு ட்ரேட் அனுப்புவீர்கள். அந்த ட்ரேட் சத்தமில்லாமல் ரத்தாகி, நண்பரின் அதே பெயர், அதே படம் கொண்ட இன்னொரு கணக்கிலிருந்து அதே போன்ற ட்ரேட் வந்து நிற்கும். போனில் உறுதிப்படுத்தும்போது பெயரை மட்டும் பார்த்து அழுத்தினால் பொருள் போய்விடும். உறுதிப்படுத்தும் திரையில் மறுபக்கக் கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, அதன் ஸ்டீம் நிலை எத்தனை என்று காட்டும். அதைப் பாருங்கள். ஸ்டீம் அமைப்பில் ஏபிஐ கீ பக்கத்துக்குப் போய், நீங்கள் உருவாக்காத கீ இருந்தால் உடனே நீக்கி, கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒப்பிடும் தளங்களில் பல, தாங்கள் அனுப்புகிற ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் சந்தைகளிடமிருந்து தரகு பெறுகின்றன. அது தவறில்லை, அவர்களும் சேர்வருக்குக் காசு கட்ட வேண்டும். ஆனால் பட்டியலில் எந்தச் சந்தை மேலே வருகிறது என்பதில் அந்தத் தரகுக்கும் பங்கு இருக்கலாம். விலை வாரியாக நீங்களே வரிசைப்படுத்திப் பாருங்கள்.

நமக்கே ஒரு கருவி

இதைச் செய்ய வெளிநாட்டுத் தளங்களையே நம்பியிருக்க வேண்டியதில்லை. உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிற ஒரு மாணவர் பைத்தன் என்ற நிரல் மொழி கொஞ்சம் தெரிந்தால் சின்னதாக ஒன்றை எழுதிவிடலாம். ஸ்டீம் சந்தையில், கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் எண்ணான 730ஐயும் பொருளின் முழுப் பெயரையும் கொடுத்துக் கேட்டால் ஆகக் குறைந்த விலை, இடைநிலை விலை, விற்ற எண்ணிக்கை ஆகிய மூன்றும் கிடைக்கும். ஒரு தடவைக்கு ஒரு பொருள்தான் கேட்கலாம். வேகமாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்துக்குத் தடுத்துவிடுவார்கள். அதனால் வந்த விலையைச் சேமித்து வைத்து, நேரம் போன பிறகே மறுபடி கேட்க வேண்டும். ஸ்கின்போர்ட் தன் விலைப் பட்டியலைப் பொதுவில் மொத்தமாகவே தருகிறது, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை புதுப்பித்து. டொலர் வீதத்தை மத்திய வங்கி ஒவ்வொரு வேலை நாளும் வெளியிடுகிறது.

அதில் நான் பார்க்க விரும்புவது விலை வரிகளைவிட அவற்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய விவரங்களை. கேட்கிற விலையா விற்ற விலையா என்பது, கழிவு போன நிகரம், அது வோலட்டா காசா என்பது, இலங்கை வங்கிக் கணக்குக்கு எடுக்க முடியுமா என்பது, எந்த நாளின் டொலர் வீதம், விலை எடுத்த நேரம். இவற்றில் பாதிக்கு ஏபிஐ, அதாவது நிரல் மூலம் தகவல் கேட்கும் வழி, எதுவும் வேண்டாம். ஒவ்வொரு சந்தையின் கட்டண விதிப் பக்கத்தையும் ஒரு தடவை பொறுமையாக வாசித்து, அட்டவணையாக எழுதி வைத்து, விதி மாறும்போது திருத்தினால் போதும். மூன்று நான்கு நண்பர்கள் சேர்ந்தால் ஒரு பள்ளி விடுமுறைக்குள் முடிகிற வேலை. முதலில் ரெட்லைன் போல நிறைய விற்கிற இருபது முப்பது பொருட்களோடு தொடங்கலாம். டொப்ளர் கத்திகளைக் கடைசிக்கு விட்டுவிடுங்கள்.